ஆழ்ந்து வருந்துவது யார்?

ரயில்வே ஸ்டேஷனில் வண்டி லேட் என்றால் முதலில் காதில் விழுவது வண்டி நம்பர். கடைசியில் விழுவது ஒரு மன்னிப்பு. "தி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரிக்ரெட்டட்." பிளாட்பாரத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து காத்திருந்த பலருக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். ஆனால் ஒரு சின்னக் கேள்வி. இங்கே ஆழ்ந்து வருந்துவது யார்? வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் ஆள் கிடைக்க மாட்டார். வருத்தம் இருக்கிறது, அதுவும் ஆழமாக இருக்கிறது. வருந்துகிறவர்தான் இல்லை!

அந்தக் காலத் தூர்தர்ஷனில் படம் பாதியில் நின்றால் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று ஒரு அட்டை வரும். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள், அவ்வளவு பிரபலம். அந்தக் கடைசி "ஓம்" விகுதியைக் கவனியுங்கள். அதற்குள் ஒரு "நாங்கள்" உட்கார்ந்திருக்கிறது. "ஆழ்ந்து" இல்லை, ஆனால் ஆள் உண்டு.

விஷயம் இதுதான். ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினையும் (பேசிவ் வாய்ஸ்) வினையடையும் (அட்வெர்ப்) ஜோடி சேரும்போது சில சமயம் பிரமாதமாக வேலை செய்கின்றன. சில சமயம் அழகாக ஏமாற்றுகின்றன. எது எப்போது என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் முக்கியம். அதைப் பரீட்சைக்கான கிராமரில் சொல்லித் தருவதில்லை.

பள்ளியில் வாய்ஸ் மாற்றும் கணக்கு எல்லாரும் போட்டதுதான். "ராமா கில்ட் ராவணா" என்பதை "ராவணா வாஸ் கில்ட் பை ராமா" என்று திருப்பிப் போட்டால் மார்க் வந்துவிடும். அந்த "பை ராமா"வைத் தூக்கிவிட்டாலும் வாக்கியம் நிற்கும் என்பதுதான் பேசிவின் வசதி. செத்தது யார் என்று தெரியும், கொன்றது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் வினையடைக்கு வழக்கமான ஒரு சீட் உண்டு. "ஹேஸ் ப்ராபப்ளி பீன் கேர்ஃபுலி செக்ட்" என்று ஒரு தொடர். முதல் துணை வினையான "ஹேஸ்" பக்கத்தில் இருக்கும் "ப்ராபப்ளி" சொல்கிறவருடைய கருத்து. "செக்ட்"டை ஒட்டி இருக்கும் "கேர்ஃபுலி" செய்தவருடைய கவனம். இடத்தை மாற்றிப் போட்டால் காதுக்கே இடிக்கும்.

யார் யாரோடு ஜோடி என்பதிலும் வழக்கம்தான் ராஜா. "ஹைலி ரெக்கமெண்டட்" சரி, "டீப்லி ரெக்கமெண்டட்" யாரும் எழுதுவதில்லை. "ஸ்ட்ரிக்ட்லி ப்ரொஹிபிட்டட்", "வைட்லி பிலீவ்ட்", "பிட்டர்லி அப்போஸ்ட்" எல்லாம் நாள்பட்ட ஜோடிகள். "பேட்லி" என்ற ஒரே சொல் "பேட்லி ரிட்டன்" என்னும்போது மோசமாக, "பேட்லி டேமேஜ்ட்" என்னும்போது பலமாக, "பேட்லி நீடட்" என்னும்போது அவசரமாக. இதெல்லாம் படித்துப் படித்துத்தான் வரும்.

இப்போது காமர்ஸ் மாணவர்களுக்குத் தெரிந்த ஓர் உதாரணம். 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு ஷேர். அதில் 7 ரூபாய் மட்டும் கட்டியிருந்தால் அது "பார்ட்லி பெய்ட்". மீதி 3 ரூபாயைக் கம்பெனி கேட்டால் கட்டியே ஆக வேண்டும். கம்பெனி திவாலானாலும் அந்த 3 ரூபாய் தலைமேல் நிற்கும். "ஃபுல்லி பெய்ட்" என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஆக அந்த ஒரு வினையடையின் விலை 3 ரூபாய்! இங்கே பணத்தைக் கட்டியவர் யார் என்பது அந்தச் சொல்லுக்கு முக்கியமே இல்லை. ஷேர் நாலு கை மாறியிருக்கலாம். எவ்வளவு கட்டியாயிற்று என்பதுதான் கேள்வி. அதை வினையடை சொல்லிவிடுகிறது. "ட்யூலி சைன்ட்" என்பதும் இதே ஜாதி. முறைப்படி கையெழுத்து ஆகியிருக்கிறதா என்று பேப்பரைப் பார்த்தே சரிபார்க்கலாம்.

இன்னொரு வகை வேறு. கப்பல் ஒன்று மூழ்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். "தி ஷிப் சேங்க்" என்றால் தானாக மூழ்கியது. "தி ஷிப் வாஸ் டெலிபரேட்லி சங்க்" என்றால்? பெயர் எதுவும் இல்லை. ஆனால் "டெலிபரேட்லி" வந்த உடனே யாரோ ஒருவர் வாக்கியத்துக்குள் நுழைந்துவிட்டார். கப்பலுக்கு மனசு கிடையாது, வேண்டுமென்றே என்றால் வேண்டியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். அந்த ஒருவர் பாலிசி எடுத்தவரே என்று தெரிந்தால் கதை முடிந்தது. 1963-ம் வருட இந்தியக் கடல் இன்ஷூரன்ஸ் சட்டப்படி, பாலிசிதாரர் வேண்டுமென்றே செய்த செயலால் வந்த நஷ்டத்துக்குக் கம்பெனி பணம் தராது. பேசிவ் ஆளை மறைத்தது, வினையடை காலடித் தடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஆக வினையடையில் இரண்டு ரகம். ஃபுல்லி, பார்ட்லி, ட்யூலி மாதிரி செயலை அளக்கிறவை ஒன்று. டெலிபரேட்லி, கேர்ஃபுலி, டீப்லி ரிக்ரெட்டடில் வரும் டீப்லி மாதிரி, செய்தவரின் மனசைச் சொல்கிறவை இன்னொன்று. முதல் ரகம் ஆள் இல்லாமலே நிற்கும். இரண்டாவது ரகத்தை ஆள் இல்லாமல் எழுதினால் படிக்கிறவர் "யார்?" என்று கேட்டே ஆக வேண்டும்.

ஃபைனல் இயர் மாணவர் ஒருவர் வேலைக்கு அப்ளிகேஷன் போடுகிறார். பதில் வருகிறது: "யுவர் அப்ளிகேஷன் வாஸ் கேர்ஃபுலி கன்சிடர்ட்." கவனமாகப் பரிசீலித்தது யார்? ஒருவரா, மூவரா, அல்லது கவரையே யாரும் பிரிக்கவில்லையா? "மிஸ்டர் இன்னார் படித்துப் பார்த்தார்" என்று எழுதினால் அவரைப் போய்க் கேட்கலாம். அந்தப் பேசிவில் கேட்க ஆள் இல்லை. கவனம் என்ற நல்ல பெயர் மட்டும் ஆபீசுக்குப் போகிறது, பொறுப்பு யாருக்கும் போகவில்லை.

அதற்காக பேசிவே கூடாது என்று சொல்வதும் தப்பு. ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், ஆக்டிவில் எழுத முடிகிற இடத்தில் பேசிவ் வேண்டவே வேண்டாம் என்று விதி போட்டார். அதே கட்டுரையில் அவரே பேசிவைத் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறார் :-) ஷேர் "ஃபுல்லி பெய்ட்" என்பதை ஆக்டிவில் எழுதி என்ன லாபம்? காலமானவரைப் பற்றி "வில் பி சேட்லி மிஸ்ட்" என்று எழுதுகிறார்கள். அங்கே ஆளைத் தேட வேண்டாம், அறிந்தவர் எல்லாருக்கும் அந்தத் துக்கம் உண்டு. குற்றம் பேசிவில் இல்லை. ஆளை வெளியே அனுப்பிவிட்டு அவருடைய அக்கறையை மட்டும் உள்ளே வைத்துக்கொள்வதில்தான்.

இதில் பெரிய மனிதர்களும் தப்பவில்லை. ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் மாட்டிய அமெரிக்க அதிபர் ரீகன், 1987 ஜனவரியில் "சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்" என்றார். தவறுகள் நடந்துவிட்டன, அதுவும் கடுமையானவை. செய்தது யார்? பதில் இல்லை. இந்த மாதிரிப் பேச்சுக்கு வில்லியம் ஷ்னைடர் என்ற அரசியல் விமர்சகர் "பாஸ்ட் எக்ஸானரேட்டிவ்" என்று புதிதாக ஒரு டென்ஸே கண்டுபிடித்தார். குற்றத்திலிருந்து விடுவிக்கும் இறந்தகாலம் என்று அர்த்தம்! அதே ரீகன் மார்ச் 4-ம் தேதி டிவியில் தோன்றி, முழுப் பொறுப்பையும் ஏற்பதாகத் தன்மை ஒருமையில், "ஐ" என்று ஆரம்பித்துச் சொன்னார். மக்கள் காத்திருந்தது அந்த ஓர் எழுத்துக்குத்தான்.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோ, லீவ் லெட்டரோ, மன்னிப்புக் கடிதமோ அடுத்த முறை எழுதும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். "டேட்டா வாஸ் கேர்ஃபுலி கலெக்டட்" என்று கை தானாக எழுதினால் ஒரு நிமிஷம் நிறுத்தி, "பை" போட்டுப் பெயரைச் சேருங்கள். பெயரோடு எழுதத் தைரியம் இருந்தால் "கேர்ஃபுலி" இருக்கட்டும். இல்லையென்றால் அந்தச் சொல்லை அடித்துவிடுவதே நேர்மை.

வண்டி லேட்டாக வரலாம். மன்னிப்பாவது ஆளோடு வரட்டும்.