பீமன் அருவிக்குப் போக வழி கேட்கிறோம்

திருவண்ணாமலைக்காரர்கள் அருவி பார்க்க வேண்டுமென்றால் குற்றாலம்வரை போகத் தேவையில்லை. மாவட்டத்தின் வடமேற்கில் ஜவ்வாது மலை இருக்கிறது. போளூர் வழியாக ஏறினால் ஜமுனாமரத்தூர், அதை அடுத்துப் பீமன் அருவி. காலையில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனாலும் எங்கள் தெருக்களில் ஒகேனக்கல் பார்த்தவர்கள் இருக்கும் அளவுக்குப் பீமன் அருவி பார்த்தவர்கள் இல்லை. பார்த்தவர்களிலும் பலர், அடுத்த முறை வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகத் துணியவில்லை. ஒரு தலைமுறையாக இதே கதைதான்.

முதல் சிக்கல் வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. அருவியில் தண்ணீர் வருகிறதா இல்லையா என்று யாரிடம் கேட்பது? ஜவ்வாது மலை, வருடம் முழுவதும் ஈரம் கசியும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடு அல்ல. இது கிழக்குத் தொடர்ச்சி மலை. பெரும்பகுதி இலையுதிர்காடு. மழை பெய்தால் அருவி, இல்லாவிட்டால் கரும்பாறையில் ஒரு கோடு. ஆடி, ஆவணி மழைக்கு ஓரளவு விழும்; ஐப்பசி, கார்த்திகையில் பெருக்கெடுக்கும்; மாசிக்குப் பிறகு போனவர்கள் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். பெருக்கெடுக்கும் நாளில் போனால் இறங்க விடமாட்டார்கள், அல்லது இறங்கியவர்கள் ஆபத்தில் மாட்டுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில், பாதுகாப்பாகக் குளிக்கக்கூடிய நாட்கள் எவை என்பதை அறிவிக்க ஓர் ஏற்பாடும் இல்லை. மலைமேல் உறவினர் இருப்பவர்கள் போன் போட்டுக் கேட்கிறார்கள். அங்கே சிக்னல் கிடைத்தால் பதில் வரும். மற்றவர்கள் சாமி மேல் பாரத்தைப் போட்டுக் கிளம்புகிறார்கள்.

பஸ்ஸில் போகிறவர்களின் பாடு தனி. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர்வரை பஸ் உண்டு. பஸ் நிலையத்தில் இறங்கியபின் அருவிக்கு எப்படிப் போவது என்பதுதான் கேள்வி. ஆட்டோக்காரர் கேட்பதைக் கொடுக்க வேண்டும், அல்லது வெயிலில் நடக்க வேண்டும். திரும்புகிற நேரம் அதைவிடப் பெரிய கவலை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் இரவு எங்கே என்ற பயத்தில், தண்ணீரில் காலை நனைத்த கையோடு கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். இரண்டு சக்கர வண்டியில் போகிற இளைஞர்களுக்கு அந்தக் கவலை இல்லை. பொழுது சாய்ந்தபின், பனி இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் அவர்கள் இறங்கி வருவதை நினைத்து வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் கவலை.

அருவியண்டையில் பாறை வழுக்கும். பாசி படிந்த பாறையில் செருப்போடு இறங்குகிறவர் எத்தனை பேர், விழுந்து எழுகிறவர் எத்தனை பேர் என்று ஒரு ஞாயிறு அங்கே நின்று பார்த்தாலே தெரியும். தண்ணீர் எந்த மட்டத்துக்கு மேல் வந்தால் இறங்கக் கூடாது என்று காட்டும் குறி ஒன்றை நாங்கள் பார்த்ததில்லை. மேலே மலையில் மழை பெய்தால் கீழே அருவி சில நிமிடங்களில் நிறம் மாறும். மலைவாசிகள் செம்மண் கலங்கலைப் பார்த்ததும் கரையேறிவிடுவார்கள். அது தெரியாத வெளியூர்ப் பிள்ளைகள் செல்பி எடுத்துக்கொண்டு நிற்பார்கள். அடிபட்டவருக்கு ஜமுனாமரத்தூரில் முதலுதவி கிடைக்கும். எலும்பு முறிவோ தலைக்காயமோ என்றால் அத்தனை வளைவுகளையும் கடந்து கீழே இறக்க வேண்டும்.

பெண்கள் படும் பாட்டை எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதாமல் இருப்பது அதைவிட வெட்கம். ஈரத்துணியை மாற்ற இரண்டு பேர் புடவையை விரித்துப் பிடிக்க, மூன்றாமவர் நடுவில் நிற்கிறார். கழிப்பறை என்று கட்டப்பட்டவை பல நாட்கள் பூட்டியிருக்கும். திறந்திருந்தால் தண்ணீர் இருக்காது. அருவி கொட்டும் இடத்தில் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்பதை யாரிடம் சொல்லி அழுவது? வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளை இந்த ஒரே காரணத்துக்காக வீட்டில் விட்டுவிட்டுப் போகும் குடும்பங்களை எங்களுக்குத் தெரியும்.

சரி, மாலையில் அவசரப்படாமல் இரவு மலையிலேயே தங்கி மறுநாள் இறங்கலாம் என்று நினைத்தால், தங்கும் இடம்? அரசு விருந்தினர் மாளிகை அறைகள் சில உண்டு. அவை யாருக்குக் கிடைக்கும், எங்கே பதிவு செய்வது, வாடகை என்ன என்பது சாதாரண மக்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர் சிபாரிசு இருந்தால் கிடைக்கும் என்பதே மலையடிவாரம்வரை பரவியிருக்கும் நம்பிக்கை. தனியார் விடுதிகள் அண்மைக் காலத்தில் முளைத்திருக்கின்றன. அவற்றின் ஒரு நாள் வாடகை, கட்டடத் தொழிலாளியின் ஒரு வாரக் கூலியைத் தொடும். ஆக, திருவண்ணாமலை நகரத்திலேயே தங்கி மலைக்குப் போய்வருவது என்று வெளியூர்க்காரர்கள் முடிவெடுக்கிறார்கள். அங்கேயும் நாளைப் பார்க்க வேண்டும். பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலைகளாகத் தெரியும். அன்று லாட்ஜ்காரர் சொல்வதே வாடகை. கார்த்திகை தீபத்தின்போது அறை என்ற பேச்சே கிடையாது, கோயிலைச் சுற்றியுள்ள திண்ணைகள்கூட நிரம்பிவிடும். ஐப்பசி கார்த்திகையில்தான் அருவியும் நிறைந்திருக்கும், ஊரும் நிறைந்திருக்கும். எனவே அருவிப் பயணத்துக்குத் திட்டமிடுகிறவர் வானிலையோடு பஞ்சாங்கத்தையும் பார்த்தாக வேண்டும்.

இவ்வளவையும் சரிசெய்வோம் என்ற வாக்குறுதிக்கு எந்தக் காலத்திலும் குறைவு இருந்ததில்லை. ஆண்டுதோறும் ஜமுனாமரத்தூரில் கோடை விழா நடக்கிறது. (கோடை முடிந்து ஜூன், ஜூலை என்று தள்ளிப்போன ஆண்டுகளும் உண்டு, விழாவுக்குப் பெயர் மட்டும் மாறாது.) பந்தல், மலர்க்கண்காட்சி, நாய்க் கண்காட்சி, மேடை. அந்த மேடையில் ஜவ்வாது மலை சிறந்த சுற்றுலாத் தலமாக்கப்படும் என்று கேட்டுக் கேட்டு எங்கள் பிள்ளைகள் பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். கம்பி வேலி வரும் என்றார்கள், உடை மாற்றும் அறை வரும் என்றார்கள், குறைந்த வாடகையில் குடில்கள் வரும் என்றார்கள். சில வந்தன. வந்தவற்றைப் பராமரிக்க ஆள் வரவில்லை. இரண்டு நாள் விழாவுக்குத் தண்ணீர் லாரியும் சிறப்புப் பஸ்ஸும் எங்கிருந்தோ வந்துவிடுகின்றன. மூன்றாம் நாள் எங்கே போகின்றன என்பதே எங்கள் கேள்வி.

மலை மூன்று மாவட்டங்களுக்குப் பங்காகிவிட்டதும் ஒரு காரணம். பீமன் அருவி திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. மலையின் இன்னொரு பகுதியான அமிர்தி வேலூர் மாவட்டத்தில். 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமானபோது காவலூர் அந்தப் பக்கம் போனது. காவலூர் வானாய்வகத்தில்தான் 1986 முதல் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இயங்குகிறது. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பதை 1977இல் பதிவு செய்த இடங்களில் அந்த வானாய்வகமும் ஒன்று. பகலில் அருவியும் இரவில் விண்மீனும் காட்டக்கூடிய மலை தமிழ்நாட்டில் வேறு எத்தனை உண்டு? ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் கேட்டால் அந்தப் பக்கம் கைகாட்டுகிறார்கள். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க விரும்பும் பள்ளி ஆசிரியர், வெவ்வேறு மாவட்டங்களுக்கு மனு எழுதி, பிள்ளைகளை இரவு தங்கவைக்க இடமின்றித் திட்டத்தையே கைவிடுகிறார்.

இந்த மண்ணுக்கு வழிகாட்டுவது புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் 583 அடிகளில் பாடுவது எங்கள் செங்கம் பகுதியைத்தான். செங்கண்மா நகரத்து நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்குப் பெருங்கௌசிகனார் வழி சொல்கிறார். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு எங்கே பதுங்கும், வழுக்கும் இடத்தை எதைப் பிடித்துக் கடக்க வேண்டும், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல்லுக்கு எப்படித் தப்புவது, இருட்டிவிட்டால் எங்கே தங்குவது, எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. அருவிகளின் ஓசையும் உண்டு. அன்று ஒரு புலவர் செய்த வேலையை, இன்று கையில் இணையமும் கணினியும் பணியாளரும் உள்ளவர்கள் செய்ய முடியாதா?

முடியும் என்பதற்கு எங்கள் கண்முன் சான்று இருக்கிறது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையார் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் வ.உ.சி. நகர் வீடுகள் மேல் இறங்கின. குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அந்த டிசம்பர் 13 மகாதீபத்துக்கு முன் வல்லுநர்கள் வந்து மலையை ஆராய்ந்தார்கள்; அதன்பின் பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை என்று அறிவிக்கப்பட்டது. காலங்காலமாக ஏறிய மலை. ஆனாலும் ஊர் அந்த முடிவை ஏற்றுக்கொண்டது, காரணம் சொல்லப்பட்டது என்பதால். சில நாட்களுக்குள் ஒரு மலையைச் சோதித்து, முடிவெடுத்து, லட்சக்கணக்கானவர்களுக்குத் தெரிவிக்க முடிந்தவர்களால் ஓர் அருவியில் இன்று குளிக்கலாமா கூடாதா என்று காலை எட்டு மணிக்குச் சொல்ல முடியாது என்றால் யார் நம்புவது?

தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் மலையேறிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் பலியான பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் மாநிலம் முழுவதும் 40 பாதைகளைத் தேர்ந்து, வழிகாட்டியோடு போக இணையத்தில் பதிவு செய்யும் திட்டமும் தொடங்கியது. அந்தப் பகுதி மலைவாசிகளே வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றார்கள். நல்ல ஏற்பாடு. ஜமுனாமரத்தூருக்கும் பீமன் அருவிக்கும் அதே முறை முழுமையாக வரட்டும் என்கிறோம். கட்டணம் மட்டும் எங்களைப் போன்ற உள்ளூர்க் குடும்பங்கள் தாங்கும்படி இருக்க வேண்டும்.

இதில் மலையின் மக்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஜவ்வாது மலையில் வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். சாமை விதைக்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள், பலாவும் புளியும் சீத்தாப்பழமும் சந்தைக்கு இறக்குகிறார்கள். அந்த வருமானம் போதாமல் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலிக்குப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அவர்களில் இந்த மலையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். அப்போது மலைமேல் வேலைவாய்ப்பு உருவாக்கப்படும் என்று எல்லாத் தரப்பிலிருந்தும் குரல் வந்தது. அருவிக்கு வருகிறவர் தங்குவதற்கு மலைக்கிராமத்து வீட்டில் ஓர் அறையும் சுத்தமான கழிப்பறையும் கட்டிக்கொடுத்து, வாடகையை நிர்ணயித்து, பதிவை இணையத்தில் போட்டால், அதைவிட நேரான வேலைவாய்ப்பு எது? வருகிறவர்களுக்குச் சாமைச் சோறும் தேனும் கிடைக்கும், வாடகை அந்த வீட்டுக்காரம்மாவின் கைக்குப் போகும். இப்போது வரும் கூட்டம் பிளாஸ்டிக் பாட்டிலையும் உடைந்த மது பாட்டிலையும் மலைக்கு விட்டுவிட்டு, பணத்தைக் கீழே கொண்டுபோய்விடுகிறது. உடைந்த கண்ணாடி மீது நடப்பது மலையின் பிள்ளைகளும் மாடுகளும்தான்.

காட்டைக் கெடுத்துச் சுற்றுலா வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அருவிக்கரையில் கான்கிரீட் மாளிகை வேண்டாம், கம்பியில் தொங்கும் சாகச விளையாட்டும் வேண்டாம். செய்யாறும் கமண்டல நாகநதியும் பிறக்கும் மலை இது. கீழே எங்கள் ஏரிகளுக்கும் கிணறுகளுக்கும் தண்ணீர் இங்கிருந்து வருகிறது. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைத்தாலும் ஏற்போம், அந்த வரம்பு சிபாரிசு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒன்றாக இருந்தால் போதும்.

வரும் ஐப்பசி மழைக்கு முன் செய்யக்கூடியவை இவை. அருவியில் நீர்மட்டக் குறியும், பாறையைக் கடக்கப் பிடிகயிறும், விடுமுறை நாட்களில் நீச்சல் தெரிந்த காவலர்களும் வேண்டும். உள்ளூர் இளைஞர்களுக்கே அந்த வேலையைத் தரலாம். பெண்களுக்கு உடை மாற்றும் அறையும், தண்ணீர் வரும் கழிப்பறையும், அதைத் தினமும் திறந்துவைக்கச் சம்பளத்துக்கு ஓர் ஆளும் தேவை. ஜமுனாமரத்தூர் பஸ் நிலையத்திலிருந்து அருவிக்கு மினி பஸ் விடவேண்டும். சனி, ஞாயிறுகளில் பொழுது சாயும் நேரத்தில் போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் கூடுதல் பஸ் வேண்டும். அன்றைய நீர்நிலை, பாதை திறப்பு, காலியான அறைகள் மூன்றையும் தினமும் காலையில் இணையத்திலும், மூன்று ஊர்களின் பஸ் நிலையப் பலகையிலும் போடவேண்டும். விருந்தினர் மாளிகை அறைகளின் வாடகையும் பதிவு முறையும் அதே பலகையில் இருக்கட்டும். மூன்று மாவட்டப் பொறுப்பாளர்களும் மழைக்கு முன் ஒருமுறை ஜமுனாமரத்தூரில் உட்கார்ந்து பேசி, யார் எதைச் செய்வது என்று எழுதி, அந்தத் தாளை மலைமக்கள் படிக்கும்படி ஒட்டட்டும்.