துடிப்பின் வடிவம்

கண் இமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாகக் கொண்டார் தொல்காப்பியர். இன்றைய லேசர் துடிப்புகள் சில, ஃபெம்டோ வினாடிகளில் முடிந்துவிடுகின்றன. ஒரு வினாடியைப் பத்துக் கோடி கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் கூறே ஃபெம்டோ வினாடி. வினாடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் விரையும் ஒளியும், 100 ஃபெம்டோ வினாடியில் ஒரு தலைமயிரின் தடிமனைக் கடப்பதில்லை.

இக்குறுமையை வியப்பதோடு நின்றுவிடுவோர் பலர். துடிப்பு எவ்வளவு குறுகியது என்பது மட்டுமன்று. அதற்குள் ஒளி எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதே பயனைத் தீர்மானிக்கிறது. பேராற்றல் துடிப்புக்கு முன்னே சிறிது ஒளி கசிந்தாலும் இலக்கின் மேற்பரப்பு ஆவியாகக்கூடும். பின்வரும் துடிப்பு தாக்குவது, சிதைந்துபோன பொருளைத்தான்.

அத்துணை விரைவாகத் திறந்து மூடும் கதவையோ மின்சுற்றையோ எவரும் செய்ததில்லை. ஆகவே, அறிஞர் நேரத்தைத் தொடாமல் நிறத்தைத் தொட்டனர். குறுந்துடிப்பில் பல நிறங்கள் கலந்திருக்கும். கீற்றணி அவற்றைப் பிரிக்கும். வில்லை வரிசையாக நிறுத்தும். இடையிலுள்ள கருவி ஒரு நிறத்தைச் சற்றே தாமதப்படுத்தும், இன்னொன்றை மங்கச் செய்யும். மீண்டும் சேர்கையில் துடிப்பு இரட்டை முகடாகவோ தட்டையாகவோ வெளிப்படும். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தேபப்ரத கோஸ்வாமி, இவ்வாறு வடித்த துடிப்புகளால் மூலக்கூறுகளின் நடத்தையைக் கட்டுப்படுத்துவது பற்றி ஆராய்ந்துள்ளார்.

இது பெருநகர ஆய்வகங்களுக்கே உரிய மறைபொருள் அன்று. பன்னிரண்டாம் வகுப்பில் கீற்றணியைக் கொண்டு நிறங்களின் அலைநீளம் காணும் வ. புதுப்பட்டி மாணவி, அக்கருவியின் முதற்பாதியைக் கையாண்டுவிடுகிறாள். பிரிந்த நிறங்களை மீண்டும் இணைத்துப் பார்க்க, இன்னொரு கீற்றணியும் இரண்டு வில்லைகளும் வேண்டும். அவற்றை அவள் மேசைக்குக் கொண்டுவருவது பெருஞ்செலவும் அன்று.