டிராகுலாவுக்குக் காட்டேரி என்று பேர் வைத்தது யார்?

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் தெற்கு வீதியிலோ 1980களில் வளர்ந்தவர்களிடம் (வீட்டிலிருக்கும் அப்பா அம்மாவையே கேட்கலாம்) ‘டெக் எடுத்துப் படம் பார்த்த’ கதை ஒன்று கட்டாயம் இருக்கும். காதுகுத்து, பொங்கல், முழுப்பரீட்சை லீவு என்று ஏதாவது ஒரு சாக்கு. கலர் டிவியும் டெக்கும் வாடகைக்கு வந்து இறங்கும். கூடவே மூன்று நான்கு கேசட். தெருவே வாசலில் உட்கார்ந்திருக்கும். முதலில் சாமி படம், அப்புறம் ரஜினி படம், சின்னப் பிள்ளைகள் தூங்கிய பிறகு கடைசியாகப் பேய்ப்படம். பிள்ளைகள் தூங்கியிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். போர்வைக்குள் ஓட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் :-)

தியேட்டரில் ‘ஏ’ சர்டிபிகேட் படத்துக்கு வாசலிலேயே ஆள் நின்று தடுப்பான். வீட்டுக்குள் வந்த கேசட்டுக்கு வாட்ச்மேன் ஏது? தமிழக அரசு 1984ல் வீடியோ கேசட் வழியாக டிவியில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது என்றால் அந்த மோகம் எந்த அளவுக்குப் பரவியிருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம். அதே 1984ல்தான் ராம்சே சகோதரர்களின் ‘புரானா மந்திர்’ வந்தது. இந்தி புரியாதவர்கள் பேய் வரும்போது மட்டும் பார்த்தால் போதும், கதை பிடிபட்டுவிடும்.

இன்றைக்கு அந்தப் படங்களை யூடியூபில் போட்டுப் பார்த்துச் சிரிப்பது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. ரப்பர் முகமூடி, பச்சை லைட், நூலில் தொங்கும் வௌவால், காரணமே இல்லாமல் பொங்கும் புகை. ‘ஹாலிவுட்டைப் பார்த்துக் காப்பியடித்தார்கள், அதையும் ஒழுங்காக அடிக்கத் தெரியவில்லை’ என்று ஒரே வரியில் தீர்ப்பு. உலக சினிமா பார்ப்பவர்கள் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமிதம் வேறு.

சிரிக்கட்டும். ஆனால் காப்பி என்று சொல்வதற்கு முன்னால் அந்தப் படங்களின் கதையை ஒருமுறையாவது கவனிக்க வேண்டாமா?

ராம்சேக்கள் ஏழு அண்ணன் தம்பிகள். அப்பா எஃப்.யு.ராம்சே கராச்சியில் ரேடியோ கடை வைத்திருந்தவர், பிரிவினைக்குப் பின் பம்பாய்க்கு வந்தார். 1970ல் அவர் எடுத்த ஒரு படம் ஓடவில்லை. ஆனால் அதில் பிருத்விராஜ் கபூர் முகமூடி போட்டுக்கொண்டு திருட வரும் ஒரு காட்சியில் மட்டும் ஜனங்கள் மிரண்டதை மகன்கள் கவனித்தார்கள். அந்த ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு தொழிலையே மாற்றினார்கள். 1972ல் ‘தோ கஸ் ஸமீன் கே நீச்சே’. மகாபலேஷ்வரில் போய்த் தங்கி, குடும்பமே கேமரா, எடிட்டிங், சவுண்ட், டைரக்‌ஷன் என்று வேலையைப் பிரித்துக்கொண்டு சில லட்சங்களில் முடித்த படம். பெரிய நடிகர் கிடையாது, செட் கிடையாது. ஒரு பழைய பங்களா, கொஞ்சம் காடு, ஒரு கோயில். அவ்வளவுதான் முதலீடு.

‘புரானா மந்திர்’ படத்தில் சாம்ரி என்ற அரக்கன் ஒரு ராஜகுடும்பத்துக்குச் சாபம் விடுகிறான். என்ன சாபம்? அந்தக் குடும்பத்துப் பெண்கள் பிரசவத்தில் சாவார்கள். 1990ல் வந்த ‘பந்த் தர்வாஸா’தான் அவர்களின் அசல் ரத்தம் குடிக்கும் படம். நேவ்லா என்பவன் கறுப்பு மலைக் குகையில் சவப்பெட்டியில் படுத்திருப்பான். வௌவாலாக மாறுவான். அங்கி, கோரைப்பல், சிவந்த கண் என்று எல்லாம் கிறிஸ்டோபர் லீ 1958ல் போட்ட வேஷம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவனிடம் ஜமீன் வீட்டு மருமகள் எதற்காகப் போகிறாள்? பிள்ளை இல்லை. வாரிசு கேட்டு வீட்டில் நெருக்கடி. வேலைக்காரி வழிகாட்ட, அந்த மலைக்குப் போகிறாள். பிறப்பது ஆணாக இருந்தால் உனக்கு, பெண்ணாக இருந்தால் எனக்கு என்பது நேவ்லாவின் நிபந்தனை.

ஸ்டோக்கர் 1897ல் எழுதிய டிராகுலாவில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? அந்தப் பிரபு லண்டனில் வீடு வாங்க வக்கீலை வரவழைத்தவன். மலடி என்று பேர் வாங்கிய பெண்ணின் கஷ்டம் அவனுக்கு என்ன தெரியும்? வேஷத்தை மட்டும் வெளியூரிலிருந்து வாங்கி, பயத்தை உள்ளூரிலிருந்து எடுத்திருக்கிறார்கள். பிள்ளைப்பேறு பற்றிய பயம். கரு கலையும் பயம், தாய் சாகும் பயம், பொண்ணாகப் பிறந்துவிடுமோ என்ற பயம்.

நேவ்லாவாகவும் சாம்ரியாகவும் நடித்த அனிருத் அகர்வால் ரூர்க்கியில் படித்த சிவில் இன்ஜினியர் என்பது பலருக்குத் தெரியாது. கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைக்காதவர்கள் தைரியமாக இருக்கலாம்.

சரி, இனிதான் விஷயம். இந்தப் பயத்துக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பேர் இருக்கிறது. காட்டேரி.

கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் காட்டேரியைக் குலதெய்வமாகக் கும்பிடும் குடும்பங்கள் இன்றும் உண்டு. பல இடங்களில் கோபுரமும் கிடையாது, சிலையும் கிடையாது. மரத்தடியில் ஒரு கல், மஞ்சள், குங்குமம். படையலில் கோழி, கருவாடு, முட்டை, சாராயம். வயிற்றுப்பிள்ளைக்காரியையும் பச்சைக் குழந்தையையும் அவள் தொடுவாள், ரத்தம் கேட்பாள் என்பது பயம். அதனாலேயே அவள் பங்கை அவளுக்குக் கொடுத்து, ‘எங்க வீட்டுப் பிள்ளையைக் காப்பாத்து தாயே’ என்று கேட்பது வழக்கம். பயமுறுத்துகிறவளே காவலும் இருக்கிறாள். மதராஸ் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்கள் அவளையும் கூட்டிக்கொண்டுதான் போனார்கள். கயானாவிலும் டிரினிடாடிலும் காளி கோயில்களில் காட்டேரிக்கு இன்றும் இடம் இருக்கிறது. தமிழ் பேச மறந்த பேரப்பிள்ளைகள் அவள் பேரை மறக்கவில்லை.

தமிழ்நாட்டில் அந்தப் பேரை என்ன செய்தார்கள்? ஆங்கிலப் படத்தில் கோரைப்பல்லோடு ஒரு வெள்ளைக்காரப் பிரபு வந்தால் ‘ரத்தக் காட்டேரி’. டப்பிங் வசனத்தில் ரத்தக் காட்டேரி, பத்திரிகை விமர்சனத்தில் ரத்தக் காட்டேரி, மாத நாவலில் ரத்தக் காட்டேரி. ஒரு கிழவி கையெடுத்துக் கும்பிடுகிற பேரை எடுத்து, மாளிகையில் குடியிருந்து ஊரை உறிஞ்சுகிற பிரபுவின் நெற்றியில் ஒட்டினார்கள். கேட்பாரில்லை. பெரிய கோயில் தெய்வம் ஒன்றின் பேரை இப்படி வைத்திருந்தால் போஸ்டர் ஒட்டிய அன்றே கொளுத்தியிருப்பார்கள். காட்டேரி சேரியிலும் குடிசையிலும் கும்பிடப்படுகிறவள். அவளுக்காக யார் கோர்ட்டுக்குப் போவார்?

‘ரெண்டு பேரும் ரத்தம் குடிக்கிறவங்கதானே, பேர் பொருத்தம்தானே’ என்று ஒரு சமாதானம் சொல்லப்படும். ரத்தம் குடிப்பதுதான் கணக்கு என்றால் ரக்தபீஜனின் ரத்தம் ஒரு சொட்டுக்கூடத் தரையில் விழாமல் குடித்த காளிக்கு என்ன பேர் வைப்பது? சிதம்பரத்தின் வடக்கு எல்லையில் உட்கார்ந்திருக்கும் தில்லைக் காளியிடம் போய் இந்த நியாயத்தைச் சொல்லிப் பார்க்கலாம். மாசி அமாவாசையில் மயானக் கொள்ளை நடக்கும்போது, சாமி வந்தவர்கள் உயிர்க்கோழியின் கழுத்தைக் கடித்து ரத்தம் குடிக்கிறார்கள். பட்டப்பகலில், ஊர் நடுவில், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கும் ஜனங்களின் முன்னால். சூரியனைக் கண்டால் சாம்பலாகிற பிரபுவா இது?

டிராகுலா ஒரு செத்த மனிதன், சாக மறுக்கிறவன். கடித்தவர்களைத் தன்னைப் போலவே ஆக்குகிறவன். காட்டேரி யாரையும் காட்டேரி ஆக்குவதில்லை. அவளுக்குச் சவப்பெட்டி இல்லை, மாளிகை இல்லை. இந்தக் குழப்பம் மறுபக்கத்திலும் நடந்தது. ரிச்சர்ட் பர்ட்டன் 1870ல் விக்கிரமாதித்தன் கதையை இங்கிலீஷில் போட்டபோது வேதாளத்துக்கு ‘வாம்பயர்’ என்று பேர் வைத்தார். முருங்கைமரத்தில் தொங்கிக்கொண்டு புதிர் போடுகிற அப்பாவி வேதாளம் யார் கழுத்தைக் கடித்தது? வெள்ளைக்காரருக்குத் தெரியாமல் செய்த தப்பு என்று அதை விடலாம். தமிழில் செய்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் ஊரிலேயே படையல் நடக்கிறது.

பேய் என்ற சொல்லே இந்த மண்ணில் கேவலமாக இருந்ததில்லை. காரைக்கால் அம்மையார் தன் பதிகத்தில் தன்னையே காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொள்கிறார். அந்தப் பேய் பல கோயில்களில் நடராஜர் காலடியில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்து ரத்தத்தில் கூழ் காய்ச்சிப் பந்தி வைத்துச் சாப்பிடுகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே திகிலும் காமெடியும் கலந்த திரைக்கதை கையில் இருந்தது!

இத்தனையும் வைத்துக்கொண்டு டெக் காலத்தில் தமிழ் சினிமா என்ன செய்தது? 1989ல் ‘நாளைய மனிதன்’ வந்தது. செத்தவனுக்கு மருந்து ஏற்றி எழுப்பும் ஃபிராங்கன்ஸ்டைன் வழிக் கதை. 1991ல் ‘ஜென்ம நட்சத்திரம்’, அது ‘ஓமன்’. இவை மோசமான படங்கள் என்று சொல்ல வரவில்லை, நாளைய மனிதனைப் பார்த்து இரண்டு நாள் கொல்லைப்புறம் போகாதவர்கள் உண்டு. ஆனால் காட்டேரி எங்கே? வெளியூர்ப் பேய்க்கெல்லாம் கதவு திறந்தது, எல்லைச்சாமிக்கு மட்டும் டிக்கெட் இல்லை. 2022ல் ‘காட்டேரி’ என்றே ஒரு படம் வந்தது. அதுவும் பேய்க் காமெடி. பக்கத்து வீட்டுக்காரர்களும் பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. ‘ஆகாசகங்கா’வில் யட்சியைக் காட்டிய மலையாள இயக்குநர் வினயன், பிற்பாடு ருமேனியாவிலிருந்து டிராகுலாவையே இறக்குமதி செய்தார். தமிழில் அது ‘நான்காம் பிறை’.

பட்ஜெட் இல்லை என்பது பொய்க்காரணம். ராம்சேக்களுக்கு என்ன இருந்தது? பாழடைந்த கட்டடம் வேண்டுமா, இங்கிலீஷ்காரன் 1690ல் வாங்கி 1758ல் பிரெஞ்சுக்காரன் இடித்துத் தள்ளிய புனித டேவிட் கோட்டையின் மிச்சம் தேவனாம்பட்டினம் பக்கம் கிடக்கிறது. காடு வேண்டுமா, பிச்சாவரத்தில் தண்ணீருக்குள்ளேயே காடு நிற்கிறது. எம்.ஜி.ஆர் 1975ல் ‘இதயக்கனி’க்காகப் படகில் போன அதே சுரபுன்னைக் காட்டில், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒரு படகை நிறுத்தித் துடுப்பை எடுத்துவிட்டால் போதும், பச்சை லைட்டே தேவைப்படாது.

ராம்சேக்களையும் கொண்டாட வேண்டியதில்லை. அவர்கள் படத்தில் மந்திரவாதி என்றால் கறுப்பு உடம்பு, வேலைக்காரி என்றால் துரோகி, மலையில் இருக்கும் சாமி என்றால் சைத்தான். ஏழை கும்பிடுவதெல்லாம் பேய், பணக்காரன் கும்பிடுவது தெய்வம் என்ற கணக்கு அங்கேயும் அப்படியே இருக்கிறது. சாம்ரியை அடக்குவது திரிசூலம்தான். ஆனால் ஜமீன் வீட்டு மருமகள் ராத்திரியில் புறப்பட்டு அந்த மலைக்கு நடக்கிறாளே, அந்த நடையை அவர்கள் எடுத்தார்கள். ரப்பர் முகமூடி கிழிந்து தொங்கினாலும் அந்த நடை நிஜம். கடலூர்ப் பக்கம் ஏதோ ஒரு மரத்தடிக்குக் கோழியோடு நடந்த பெண்ணின் நடையும் அதுதான். அவளை வைத்துத் தமிழில் ஒரு படம் வராததற்கு ‘பந்த் தர்வாஸா’வின் நூல் வௌவாலைக் காட்டிச் சிரித்துப் பயனில்லை. அந்தப் படத்தை டிவியில் போட்டிருந்த ராத்திரி, வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருத்தி ‘இது என்ன சாமி?’ என்று கேட்டிருந்தால், தெரு மொத்தமும் ‘ரத்தக் காட்டேரி பாட்டி’ என்று சொல்லிச் சிரித்திருக்கும். அவள் குலதெய்வமும் காட்டேரியாக இருந்திருக்கலாம்.