வெப்சைட்டில் பூச்சியம், கடையில் கூட்டம்

எபிசோடில் நேரம் காணாமல் விட்ட ஒரு விஷயத்தை இங்கே எழுதுறன்.

டூட்டிங், ஈஸ்ட் ஹாம், வெம்பிளிப் பக்கம் நகைக்கடை, புடவைக்கடை வச்சிருக்கிற அண்ணாமாரிடம் வெப்சைட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கோ. "அதால ஒரு பிரயோசனமும் இல்லை தம்பி" என்ற பதில் எனக்கு எத்தனையோ தரம் கிடைச்சிருக்கு. கூகுள் அனலிட்டிக்ஸைத் திறந்து காட்டுவார்கள்: பார்த்தவர்கள் நிறையப் பேர், வாங்கினவர்கள் பூச்சியம். அடுத்ததா என்ன? வார இறுதியில் வந்து படம் எடுத்துப் போடுற யூனிவர்சிட்டிப் பிள்ளையின் வேலை போகும்.

அந்தப் பூச்சியத்தை நம்பக்கூடாது என்பதுதான் என் கருத்து. தாலிக்கொடியை ஒன்லைனில் காட் போட்டு யார் வாங்குறது? மகள் செவ்வாய்க்கிழமை இரவு போனில் டிசைன் பார்ப்பாள், ஸ்க்ரீன்ஷொட்டைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவாள், பெரியம்மா ஒரு குறை சொல்லுவா, சனிக்கிழமை எல்லாருமாக் கடைக்குப் போய் முற்பணம் கட்டுவார்கள். மிச்சக் காசு கலியாணத்துக்கு முதல் கிழமை. அனலிட்டிக்ஸுக்குத் தெரிஞ்சது அந்தச் செவ்வாய் இரவு மட்டும்தான்.

இதை நிரப்ப வழி இருக்கு. கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் மெஷர்மென்ட் புரோட்டோகோல் என்று ஒன்று. கடைக் கணினியில் இருந்தே "இந்த ஆள் இத்தனை பவுணுக்கு வாங்கினார்" என்று அனுப்பலாம். ஆனா 'இந்த ஆள்' யார்? குக்கியில் இருக்கிற கிளையன்ட் ஐடிதான் அடையாளம். பார்த்தது மகளின் போன், காசு கட்டினது அம்மா. ஐடியை நெத்தியில ஒட்டிக்கொண்டு யாரும் கடைக்கு வாறதில்லை. வெப்சைட்டில் ஒரு அப்பொயின்ட்மென்ட் படிவம் வைத்து, அதோடு அந்த ஐடியையும் சேமித்தால்தான் பிறகு பொருத்தலாம்.

நேரமும் ஒரு தலையிடி. நடந்த நேரத்தைப் பின்தேதியிட்டு அனுப்பலாம், ஆனா 72 மணித்தியாலம் வரைதான். சனிக்கிழமை விற்றதைக் கணக்குப் பார்க்கிறவர் வியாழக்கிழமை வந்து ஏற்றினால் காலம் கடந்துவிட்டது. அப்போ சிலர் ஏற்றின நேரத்தையே விற்ற நேரமாகப் போட்டுவிடுவார்கள். பிறகு ரிப்போர்ட்டில் வியாழன்தான் கடையின் பெரிய நாள்! பிழையான தரவை அனுப்பினாலும் அந்தச் சேர்வர் பிழை என்று சொல்லாது, அது இன்னொரு கூத்து. சரிபார்க்கவென்றே வேறு முகவரி இருக்கு. முதலில் அங்கே அனுப்பிப் பாருங்கோ.

விளம்பரத்தைக் கிளிக் பண்ணி வந்தவர்கள் என்றால், கூகுள் ஆட்ஸில் அந்தக் கிளிக் ஐடியோடு 90 நாள் வரை ஏற்றலாம். நகைக்கடைக்கு இதுதான் பொருத்தம்.

பிந்தி ஏற்றுறது எனக்கு ஒரு குற்றமாத் தெரியேல்லை. டெஸ்கோ கிளப்காட் 1995 பெப்ரவரியில் நாடு முழுக்க வந்தபோது எல்லாமே கல்லாவில் நடந்ததுதான். டன்ஹம்பி நிறுவனம் அந்த விவரங்களை ஆறஅமர அலசியது; மூன்று மாதத்துக்கு ஒருக்கா வீட்டுக்குத் தபாலில் வவுச்சர் வந்தது. ஆனா அங்கே காட்டை நீட்டினது வாடிக்கையாளர், பொயின்ட்ஸ் கிடைக்கும் என்று தெரிந்தே.

எங்கட கடைகளில் என்ன நடக்குது? பில்லுக்கு என்று அன்ரி குடுத்த போன் நம்பர், அவவுக்குத் தெரியாமலே விளம்பரத் தளத்துக்குப் போகலாம். கேட்டால், "ஹாஷ் செய்துதானே அனுப்புறம்" என்பார்கள். 07-இல் தொடங்கும் 11 இலக்க நம்பர்கள் மிஞ்சிப்போனால் 100 கோடி. அத்தனையையும் ஹாஷ் செய்து ஒப்பிட ஒரு லாப்டொப் போதும். யூகே ஜிடிபிஆர் பார்வையிலும் அது தனிப்பட்ட தரவுதான்.

ஆகவே கல்லாவிலேயே, தமிழிலேயே கேளுங்கோ: "அன்ரி, உங்கட நம்பரைக் கூகுளுக்கு அனுப்பலாமோ?" வேண்டாம் என்றால் அந்த விற்பனை பில் கொப்பியோடு நிற்கட்டும். அதே கொப்பியில் "எங்கே பார்த்துட்டு வந்தீங்கள்?" என்று ஒரு வரி கூட்டினால், அந்தப் பிள்ளையின் வேலையைப் பற்றிப் பேச அண்ணாவிடம் காட்டுவதற்கு ஏதாவது கையில் இருக்கும்.