தொலைந்த கார்டுக்கு 990 டாலர்

கிரீன் கார்டு தொலைந்தாலும் நிரந்தரவாசி என்ற உரிமை போய்விடாது. அமெரிக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. விடுமுறைக்குச் சென்னை வந்த இடத்தில் பர்ஸைப் பறிகொடுத்தவரிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்.

இங்கிருந்தபடி புது கார்டு கேட்க அவருக்கு வழியில்லை. முதலில் ஐ-131ஏ படிவத்துக்கு 575 டாலர் கட்டி, துணைத் தூதரகத்தில் நேரில் நிற்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் சீட்டு ஒருமுறை விமானம் ஏற மட்டுமே. போய்ச் சேர்ந்த பிறகு புது கார்டுக்கு ஐ-90 படிவம்: ஆன்லைனில் 415 டாலர், தாளில் 465. 2024 ஏப்ரல் கட்டணப்படி ஆகக் குறைந்த கணக்கே 990 டாலர். இத்தனைக்கும், பத்தாண்டு கார்டு காலாவதியாகிக் கையில் இருந்தால் விமான நிறுவனம் தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம்!

அமெரிக்காவுக்குள்ளேயே தொலைத்தவர் பாடும் லேசல்ல. 18 வயது நிரம்பியவர்கள் கார்டை எந்நேரமும் வைத்திருக்க வேண்டும். தவறினால் அபராதம், 30 நாள் வரை சிறை. ஏட்டளவில் கிடந்த இந்த விதியைக் கண்டிப்பாக அமல்படுத்தப்போவதாக 2025-ல் அரசு அறிவித்தது. கார்டைப் புதுப்பிப்பவருக்கு விண்ணப்ப ரசீதே 36 மாதம் காப்பு. ஆனால் பழைய கார்டோடு சேர்த்துக் காட்ட வேண்டும். தொலைத்தவர் எதைக் காட்டுவார்? குடியேற்றத் துறையின் தொலைபேசி மையத்தில் இயந்திரக் குரலோடு மல்லாடி, ஓர் ஆளைப் பிடித்து, நிரந்தரவாசி என்பதற்கான தற்காலிக முத்திரை கேட்டு வாங்க வேண்டும். பிள்ளைகளோடு குடியேறிய, ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெற்றோருக்கு இப்படி ஒரு முத்திரை இருப்பதே தெரிவதில்லை.

தபாலில் தொலைந்த கார்டின் கதை இன்னும் அநியாயம். உறை துறைக்கே திரும்பியிருந்தால் கட்டணமில்லை. வழியில் மாயமாகியிருந்தால், கண்ணால் பார்க்காத கார்டுக்கு மறுபடி முழுப் பணம். அனுப்பியவர் பொறுப்பை வாங்குபவர் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

கைரேகையும் படமும் துறையின் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. தொலைந்ததாக விண்ணப்பித்தவுடன் படத்துடன் கூடிய தற்காலிகச் சான்றைத் தானாகவே அனுப்பலாம். ஐ-131ஏ கட்டணத்தைப் புது கார்டுக் கட்டணத்தில் கழிக்கலாம். தபாலில் போனதற்கு மறுகட்டணம் கூடாது. ஆஸ்திரேலியா 2015 செப்டம்பரிலேயே பாஸ்போர்ட்டில் விசா ஒட்டுவதை விட்டுவிட்டது. அங்கே நிரந்தரவாசியின் உரிமை கணினிப் பதிவில் இருக்கிறது, தொலைக்க அட்டையே இல்லை.

இவற்றை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களிடம்தான் கேட்க வேண்டும். தொகுதிவாசிகளின் குடியேற்றச் சிக்கல்களைத் துறையிடம் விசாரிக்க அவர்கள் அலுவலகங்களில் ஆட்கள் உண்டு. அந்தக் கதவைத் தட்டக் குடியுரிமை வேண்டியதில்லை. வாக்குரிமை பெற்ற தமிழர்களும் உடன் போனால் குரல் இன்னும் எடுபடும்.