ஏரலுக்குத் தேவை ஒரு மேடை

விளைபொருளுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், கிட்டங்கி கட்டலாம் என்பதே பெரும்பாலும் பதிலாக வருகிறது. நெல்லுக்கும் மிளகாய் வற்றலுக்கும் அது சரி. தாமிரபரணிக் கரையில் ஏரலைச் சுற்றி விளையும் வாழைக்கும், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலைக்கும் சரிவராது. அடுக்கி வைத்த வெற்றிலைக் கட்டு உள்ளுக்குள் சூடேறி நடுவிலிருந்து அழுகும். ஓரத்து இலை பச்சையாகவே இருப்பதால் பிரிக்கும்வரை தெரியாது. இந்தச் சரக்குக்கு வேண்டியது, குட்டியானையில் வந்து இறங்கியதும் ஊர்வாரியாகப் பிரித்து, காத்திருக்கும் லாரியில் உடனே ஏற்றிவிட ஒரு கூரை போட்ட மேடை. அமெரிக்காவின் வால்மார்ட் 1980களில் இம்முறையால் கிட்டங்கிச் செலவை வெகுவாகக் குறைத்தது. பக்கத்துத் தூத்துக்குடிக்கும் சரக்கை இப்படி வண்டி மாற்றி அனுப்புவது புதிதல்ல. 1974இல் புதிய துறைமுகம் வரும்வரை, கரையில் ஆழமில்லாததால் மைல்கணக்கில் தள்ளி நங்கூரமிட்ட கப்பல்களுக்குத் தோணிகள்தான் சரக்கு கொண்டுபோயின.

இருப்பு வைக்க முடியாத விவசாயி வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பச்சை வாழைத்தாரை 13, 14 டிகிரி குளிரில் சில வாரம் வைத்திருக்கலாம். மேடையோடு ஒரு குளிரறை இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பத்துத் தார் வெட்டுகிறவரை அதிகம் முடக்குவது, முழு லாரி பிடிக்க வழியில்லாததுதான். தோட்டத்துக்கு வண்டியோடு வரும் வியாபாரி சொன்னதே விலை. பலருடைய தாரும் ஒரே மேடைக்கு வந்தால், அதே பத்தில் நாலு மதுரைக்கும் ஆறு கேரளத்துக்கும் போகலாம். அதற்கு எந்த லாரி எத்தனை மணிக்கு எங்கே கிளம்பும் என்பது முதல்நாளே தெரிந்திருக்க வேண்டும். கொழும்பில் மாறி ஏற வேண்டிய தாய்க்கப்பலைத் தவறவிட்ட தூத்துக்குடிக் கண்டெய்னர் அடுத்த கப்பல் வரும்வரை யார்டில்தான் கிடக்கும். லாரி தவறினால் மேடையிலும் அதே கதிதான். லோடுமேன்கள் காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் முதலிலேயே எழுதிக்கொள்வது நல்லது.

பெருமழை வந்தால்? 2023 டிசம்பரில் அருகிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, ஏரல் பாலம் சேதமடைந்து போக்குவரத்து துண்டிக்கப்பட்டது. அப்படிப்பட்ட நாளில் இந்த முறை நின்றுபோகும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே வெள்ளம் ஏரல் கடைத்தெருவுக்குள் புகுந்து, இருப்பு வைத்திருந்த வியாபாரிகளின் சரக்கையும் பாழாக்கியது. அரிசி, பருப்புக்கு மேட்டுநிலத்தில் கிட்டங்கி அவசியம். அதைக் காட்டி வெற்றிலைக்கும் சுவர் எழுப்புவது வீண்செலவு. மேடை லாரித் தளத்தின் உயரத்தில், வெள்ளம் ஏறாத இடத்தில் இருக்க வேண்டும். வாடகையை மாதக்கணக்கில் வாங்காமல், ஏற்றிய தாருக்கும் கட்டுக்கும் இவ்வளவு என்று வாங்கினால், சரக்கைத் தேங்கவிடக் கூடாது என்ற அவசரம் மேடையை நடத்துகிறவருக்கும் இருக்கும்.