முகத்தில் எழுதியிருக்கிறதா?

"அவன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியவில்லையா, ஸார்?" என்றார் அந்தப் பெரியவர்.

ஓசூரில் நான் குடியிருக்கும் காலனியில் ஒரு வீட்டில் நகை காணாமற் போயிற்று. ஆலைகளில் அதிகாரிகளாக இருப்பவர்களும், தினந்தோறும் எல்லை தாண்டிப் பெங்களூருக்கு உத்தியோகத்துக்குப் போகிறவர்களுமாகப் படித்தவர்கள் நிறைந்த இடம். முதல் நாள் முறமும் கூடையும் விற்க வந்த குறவர் ஒருவர் மீது சந்தேகம் விழுந்தது. பார்த்த சாட்சி யாரும் இல்லை, மூஞ்சிதான் சாட்சி. மூன்று நாள் ஸ்டேஷனில் வைத்திருந்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் அனுப்பினார்கள். நகை இன்றுவரை அகப்படவில்லை. அந்த மனிதரும் அப்புறம் எங்கள் தெருவுக்கு வரவில்லை. அன்று நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பெரியவர் சொன்னது அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. அதற்கு ஒரு பண்டிதப் பரம்பரை உண்டு. இத்தாலியில் லொம்ப்ரோஸோ என்ற வைத்தியர், கலாப்ரியா பிரதேசத்தைச் சேர்ந்த வில்லெல்லா என்பவனின் மண்டையோட்டுப் பின்புறத்தில் ஒரு குழியைக் கண்டார். அதை வைத்துக்கொண்டு, குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி, அவன் ஆதி மனிதனின் மிச்சம் என்று சித்தாந்தம் கட்டி 1876-இல் புத்தகம் போட்டார்.

அதே கலாப்ரியாவில் முஸோலினோ என்று ஒருவன். (சர்வாதிகாரி முஸோலினி வேறு ஆசாமி.) 1898-இல் கொலை முயற்சிக் குற்றத்துக்காக 21 வருஷம் தண்டித்தார்கள். தான் நிரபராதி என்றான். மறு வருஷம் சிறையிலிருந்து தப்பி, தன்னைக் காட்டிக்கொடுத்தவர்களைப் பழிவாங்கக் கிளம்பிக் கொலைகாரனாகவே ஆனான். 1902-இல் லூக்கா நகரத்து நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அவனுடைய வம்சம், காக்காய்வலிப்பு எல்லாவற்றையும் பண்டிதர்கள் அலசினார்கள், லொம்ப்ரோஸோவும் எழுதினார். கொன்றவன் கொலைகாரன்தான், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் ஒருவன் மண்டையை அளப்பது சுலபம். அவனுக்கு வழங்கிய முதல் தீர்ப்பை அளப்பதுதான் சிரமம்.

இது ஏதோ இத்தாலிச் சமாசாரம் என்று தள்ளிவிட முடியாது. அவர் புத்தகம் போடுவதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1871-இல், வெள்ளைக்காரன் இங்கே குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டுவிட்டான். தச்சன் மகன் தச்சன், ஆகையால் திருடன் மகன் திருடன் என்பது அன்றைய வாதம். சட்டம் அவனுடையது, வாதத்துக்கு அஸ்திவாரமான ஜாதி நம்முடையது! 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. எழும்பூர் மியூசியத்தின் தலைவராயிருந்த தர்ஸ்டன் அதற்கு முன்பே மூக்கையும் தலையையும் அளந்து, போலீஸ் அதிகாரிகளுக்கும் அந்த வித்தையைப் போதித்திருந்தார்.

குறவர்கள் மாட்டிலும் கழுதையிலும் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக வியாபாரம் செய்தவர்கள். உப்பைச் சர்க்கார் தன் கைக்குள் வைத்துக்கொண்டது. மிச்சத்தை ரயில் கொண்டுபோயிற்று. பிழைப்பைப் பறித்துவிட்டு, "ஏன் அலைகிறாய்?" என்று கேட்டு ரேகை எடுத்தார்கள். இன்று கிருஷ்ணகிரிச் சாலையில் இரவு பகலாக லாரியில் சரக்கு அனுப்புகிறவரைத் தொழிலதிபர் என்கிறோம். கழுதையில் ஏற்றியவன் குற்றப் பரம்பரை! ரேகை வைக்க மறுத்த கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டதில் 16 பேர் மாண்டார்கள்.

"அவர்களில் திருடுகிறவர்களே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். கணக்கில் கை வைத்துவிட்டுப் பிடிபடுகிற பெரிய உத்தியோகஸ்தர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஜாதியில் பிறந்த குழந்தைக்கு யாராவது ரேகை எடுத்ததுண்டா?

சென்னை மாகாணத்தில் 1947-இலும் தேசம் முழுவதும் 1952-இலும் சட்டம் ஒழிந்தது. ஜனங்களுக்குச் சீர்மரபினர் என்று புதுப்பெயர் சூட்டினோம். ஆனால் சீர்மரபினரை மனம்போனபடி கைது செய்யலாகாது என்று 2024 அக்டோபரில்கூட உச்ச நீதிமன்றம் போலீஸாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

போலீஸாரை மட்டும் குறை சொல்வானேன்? என் பழைய கதைகளைப் புரட்டிப் பார்த்தேன். திருடன் வருகிற இடத்திலெல்லாம் குறுகிய நெற்றி, சிவந்த கண், கறுத்த மேனி! லொம்ப்ரோஸோவைப் படிக்காமலே நான் அவருக்குச் சிஷ்யனாயிருந்திருக்கிறேன். நீங்களும் ஆட்சேபமின்றிப் படித்திருக்கிறீர்கள். ஒரு கடிதம்கூட வந்ததில்லை.

வில்லெல்லாவின் மண்டையோடு இன்னும் டூரின் நகரத்து மியூசியத்தில் இருக்கிறது. அவன் ஊரார் அதைக் கேட்டு வழக்காடியும், 2019-இல் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் மியூசியத்தின் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. போகட்டும், அங்கே அது ஒரு மூலையில் சும்மா கிடக்கிறது. எங்கள் காலனியில் அல்லவா அது நடமாடுகிறது!

அடுத்த தடவை அந்தப் பெரியவர் அப்படிச் சொன்னால், "மூஞ்சியில் எதைப் பார்த்தீர்கள், ஸார்?" என்று கேட்கப்போகிறேன். நீங்களும் கேளுங்கள்.